நாலணா போன பிறகு: கோத்தகிரி மளிகைக் கடை ஒன்றின் கணக்கு

2011ஆம் ஆண்டு ஜூன் 30 முதல் நாலணா என்கிற 25 பைசாவும் அதற்குக் கீழே இருந்த காசுகளும் நாட்டில் செல்லாமல் போயின. மத்திய அரசின் அறிவிப்பு 2010 டிசம்பர் 20ஆம் தேதியே வந்துவிட்டதால் ஆறு மாதத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. சிறு நாணயக் கிடங்கு உள்ள வங்கிக் கிளைகளில் ஜூன் 29 அன்று வேலை நேரம் முடியும்வரை முழு மதிப்புக்கு மாற்றிக்கொள்ளலாம். அதன் பிறகு கணக்குப் புத்தகம், பொருள் விலை, சேவைக் கட்டணம், வரி எல்லாவற்றையும் 50 பைசாவுக்கோ முழு ரூபாய்க்கோ சரிசெய்துகொள்ள வேண்டும். அரசுத் தரப்பில் விஷயம் இவ்வளவுதான். ஒழுங்காகச் செய்த வேலை என்றே சொல்ல வேண்டும்.

கடைத் தரப்பில் என்ன நடந்தது என்பதைக் நீலகிரி மலையில் உள்ள கோத்தகிரி பஜாரின் ஒரு மளிகைக் கடையை வைத்து இங்கே பார்க்கிறேன். அந்தக் கடைக்கு வரவு செலவு எழுதுவது என் வேலை. முதலாளியின் அப்பா தென்மாவட்டத்திலிருந்து மலை ஏறி வந்தவர். ஊரில் எல்லாரும் முதலாளியை அண்ணாச்சி என்று கூப்பிடுவதால் நானும் அப்படியே எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு காசு போனால் கடைக்காரருக்கு வலிக்குமா வலிக்காதா என்பதைக் காசின் மதிப்பு தீர்மானிப்பதில்லை. விலையையோ எடையையோ, இரண்டில் ஒன்றையாவது கடைக்காரர் மாற்ற முடிகிற சாமானில் எந்தக் காசு போனாலும் சமாளித்துவிடலாம். இரண்டையும் வேறு யாரோ அச்சடித்துக் கையில் கொடுக்கிற சாமானில்தான் அடி விழுகிறது. அதனால் 2011இல் நாலணா போனதைவிட, சட்டப்படி இன்னும் உயிரோடு இருக்கும் எட்டணா, அதாவது 50 பைசா, பழக்கத்தில் செத்துப்போனதுதான் இந்தக் கடைக்குப் பெரிய தொந்தரவாக இருக்கிறது.

கடையும் வாடிக்கையும்

சரக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து வருகிறது. அங்கே வாங்கிய விலையோடு ஏற்றுக்கூலி, லாரி வாடகை, இறக்குக்கூலி எல்லாம் சேர்ந்துதான் மலைமேல் அடக்க விலை. இந்தச் செலவுகள் மூட்டைக் கணக்கில் வருவதால் கிலோவுக்குப் பிரித்தால் எப்போதும் பைசாவில்தான் நிற்கும். கீழே 38 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்குக் கிலோவுக்கு 60 பைசா செலவு என்று வைத்துக்கொண்டால், கடை வாசலில் இறங்கும்போது அடக்கம் 38.60. சமவெளிக் கடைக்காரர் வாங்கும் விலை முழு ரூபாயில் இருந்தால் விற்கும் விலையையும் முழு ரூபாயில் போட்டுவிடலாம். மலைக் கடையில் பைசா தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. அண்ணாச்சியின் அப்பா காலத்து விலைப் பலகையில் எல்லா விலைக்கும் பின்னால் 25, 50, 75 இருந்ததற்கு இதுதான் காரணம்.

வாங்க வருபவர்கள் மூன்று விதம். ஹட்டிகள் எனப்படும் தங்கள் ஊர்களிலிருந்து வரும் படகர் குடும்பங்களுக்குச் சொந்தத் தேயிலைத் தோட்டம் உண்டு. பச்சைத் தேயிலைக்குப் பணம் கிடைக்கும்போது கணக்கை முடிப்பார்கள். அதுவரை நோட்டில் பற்று. எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லைன் வீடுகளிலிருந்து வருபவர்களில் பலர் இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். இவர்களில் ஒரு பகுதி நோட்டு வைத்திருக்கிறது, இன்னொரு பகுதி அன்றன்றைக்குக் கையில் இருப்பதைக் கொண்டு ரொக்கமாக வாங்குகிறது. மூன்றாவது பஜார்க்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், சீசனில் வரும் வெளியூர்க்காரர்கள்.

இந்த மூன்று பேரும் ஒரே பருப்பை ஒரே கடையில் வாங்கினாலும், காசு போனதன் விளைவு மூன்று பேருக்கும் வேறு வேறாக இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஜூன் மாதத்துக் காசு

காண்டாமிருகம் போட்ட எஃகு நாலணா 1988இல் வந்தது. 2002க்குப் பிறகு அச்சடிக்கவில்லை. செல்லாது என்ற அறிவிப்பு வரும்போது அண்ணாச்சியின் கல்லாவில் அது அபூர்வம். 2007இல் தீப்பெட்டி எட்டணாவிலிருந்து ஒரு ரூபாய்க்கு ஏறியபோதே இந்தக் காசுக்கு வேலை போய்விட்டது என்று அவர் சொல்வார். அதுவரை தீப்பெட்டிதான் சில்லறைக்கு மாற்று. பாக்கி எட்டணா இல்லையென்றால் ஒரு தீப்பெட்டி கொடுத்தால் கணக்கு சரி, வாங்குபவரும் முகம் சுளிக்க மாட்டார், ஏனென்றால் எந்த வீட்டுக்கும் தீப்பெட்டி வேண்டும்.

ஆனால் வீடுகளில் காசு இருந்தது. உண்டியல் டப்பாவில், சாமி படத்துக்குப் பின்னால், அரிசிப் பானையில். ஒன்றேகால் ரூபாய் மஞ்சள் துணியில் முடிந்து வைக்கிற வழக்கம் உள்ள வீட்டில் நாலணா இல்லாமல் எப்படி? லைன் வீடுகளிலிருந்து வங்கிக்குப் போய் வருவதென்றால் அரை நாள் கூலியும் பஸ் காசும் போகும். நாற்பது, ஐம்பது ரூபாய் பெறுமானமுள்ள சில்லறைக்கு யாரும் அப்படிப் போக மாட்டார்கள். அண்ணாச்சி அங்கே ஒரு வழி கண்டுபிடித்தார். ஜூன் மாதம் முழுக்க நாலணாவை எவ்வளவு கொண்டுவந்தாலும் சாமானுக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

வந்துகொண்டே இருந்தது. நோட்டில் வாங்கிக்கொண்டிருந்தவர்களும் டப்பாவைக் கவிழ்த்துப் பழைய பாக்கியைக் கொஞ்சம் அடைத்தார்கள். வியாபாரம் கூடியது, வராத கடன் கொஞ்சம் வந்தது. அதற்கான விலையை அண்ணாச்சி வேறு விதத்தில் கொடுத்தார். நூறு ரூபாய்க்கு 400 காசு. 2,000 ரூபாய் என்றால் 8,000 காசு. ஒரு காசு 2.8 கிராம் அளவுக்கு வரும் என்பதால் மொத்தம் இருபது கிலோவுக்கு மேல். எண்ணி, நூறு நூறாகப் பையில் கட்டி, வண்டி வைத்துக் கொண்டுபோய், கவுண்டரில் நின்று, ‘நாளைக்கு வாங்க’ என்று திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி போய்... கடைப் பையன் ஒருவனுக்கு அந்த மாதம் இதே வேலையாகப் போனது. காசைத் திரும்பப் பெறும் செலவைச் சில்லறைக் கடைக்காரர் தன் கையிலிருந்து போடுகிறார் என்பது எந்த அரசு அறிவிப்பிலும் வராத வரி. ஆனாலும் அண்ணாச்சிக்கு அதில் வருத்தமில்லை. அந்த மாதம் அவர் சம்பாதித்த நல்ல பெயருக்கு என் கணக்குப் புத்தகத்தில் தலைப்பு கிடையாது.

நூறு கிராமில் ஒளிந்திருக்கும் விலை

ஜூலை மாதம் பலகையை அழித்து எழுத வேண்டி வந்தது. கிலோ விலையில் பிரச்சினை இல்லை. முழு ரூபாயாக்கிவிட்டார்; சிலதில் கூட்டினார், சிலதில் குறைத்தார், போட்டிக் கடை பக்கத்திலேயே இருந்ததால் இஷ்டத்துக்குக் கூட்ட முடியாது. சிக்கல் சில்லறை எடையில் வந்தது.

கிலோ 66 ரூபாய் விற்கும் ஒரு பருப்பை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் 6.60. நாலணா புழங்கியபோது 6.50 அல்லது 6.75 என்று வாங்கலாம். எட்டணா மட்டும் இருந்தால் 6.50 அல்லது 7. எட்டணாவும் கையில் இல்லையென்றால் 7 ரூபாய்தான், ஏனென்றால் 6 வாங்கினால் அடக்கமே வராது. 7 ரூபாய் என்பது கிலோ 70 ரூபாய்க்குச் சமம். ஒரு கிலோவாக வாங்குபவர் 66 கொடுக்கிறார், அதே பருப்பைப் பத்து நாள் பத்துத் தடவையாக வாங்குபவர் 70 கொடுக்கிறார். இந்த நாலு ரூபாய், விலையில் ஆறு சதவீதம். மளிகையில் பல சாமான்களுக்கு மொத்த லாபமே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

நோட்டுக் கணக்குக்காரருக்கு இது ஏதும் இல்லை. அவர் 100 கிராமாக வாங்கினாலும் நோட்டில் 6.60 என்றே எழுதப்படுகிறது. மாதக் கடைசியில் மொத்தத்தை ஒரே ஒரு தடவை ரூபாய்க்குச் சரிசெய்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் கீழே இறக்கித்தான். நாற்பது சாமானுக்கு ஒரு தடவை சரிசெய்வதும், நாற்பது சாமானுக்கும் தனித்தனியாகச் சரிசெய்வதும் ஒன்றல்ல. முதலாவதில் ஒரு ரூபாய்க்குள் முடிந்துவிடும். இரண்டாவதில் நாற்பது தடவையும் மேலேயே போனால் பத்துப் பதினைந்து ரூபாய் கூடப் போகலாம்.

கனடா இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தது. 2013 பிப்ரவரி 4 முதல் அங்கே ஒரு சென்ட் காசு வினியோகத்தை நிறுத்தினார்கள். ரொக்கமாகக் கொடுத்தால் மட்டும், அதுவும் வரியெல்லாம் சேர்ந்த மொத்தத் தொகையை மட்டும், அருகில் உள்ள ஐந்து சென்ட்டுக்குச் சரிசெய்ய வேண்டும் என்று வழிகாட்டினார்கள். கார்டில் கொடுத்தால் கடைசி சென்ட் வரை அப்படியே. ஆஸ்திரேலியா 1992இலேயே ஒன்று, இரண்டு சென்ட் காசுகளைப் புழக்கத்திலிருந்து எடுத்தபோதும் இதே மொத்தத் தொகை முறைதான். பல சாமான் சேர்ந்த பில்லில் கடைசி இலக்கம் எதுவாகவும் வரலாம், மேலே போவதும் கீழே போவதும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். அமெரிக்கா 2025 நவம்பர் 12 அன்று பிலடெல்பியா நாணயச் சாலையில் புழக்கத்துக்கான கடைசி சென்ட்டை அடித்தது, ஒரு சென்ட் செய்ய 3.69 சென்ட் செலவாகிறது என்பதால். ஆனால் பில்லை எப்படிச் சரிசெய்வது என்று நாடு முழுவதுக்குமான விதி இல்லாமலே அதை நிறுத்திவிட்டார்கள். அங்குள்ள கடைக்காரர்கள் இதற்காகப் புலம்பிய செய்தியைப் படித்தபோது எனக்கு அண்ணாச்சி ஞாபகம்தான் வந்தது. இங்கும் 50 பைசாவுக்கோ ரூபாய்க்கோ சரிசெய்யச் சொன்னார்களே தவிர, சாமானுக்குச் சாமானா மொத்தத்துக்கா என்பது கடைக்காரர் கையில் விடப்பட்டது. ஒரு சாமான் மட்டும் வாங்கிப் போகிறவருக்கோ எந்த முறையும் உதவாது. அவர் பில் என்பதே அந்த ஒரு சாமான்தான்.

தராசு செய்த மாற்றம்

எடைக்கல் போட்டு நிறுத்த காலத்தில் 50, 100, 200 கிராம் என்று கல் இருக்கிற எடைக்குத்தான் சாமான் கொடுக்க முடியும். எடை கட்டிப்போடப்பட்டதால் விலை பைசாவில் வந்தது. அண்ணாச்சி அந்த வருடமே எலக்ட்ரானிக் தராசு வாங்கினார். கிலோ விலையைத் தட்டிவிட்டு, திரையில் பத்து ரூபாய் வரும்வரை பருப்பைப் போட்டால் போதும். 66 ரூபாய்ப் பருப்பு பத்து ரூபாய்க்கு 151 கிராம் சொச்சம் வரும். எடைக்கல்லில் 151 கிராம் நிறுக்க யாராலும் முடியாது.

அவர் தராசை இதற்காக வாங்கவில்லை. எடைக்கல்லை மாற்றி மாற்றிப் போடும் தொல்லை போகட்டும் என்றுதான் வாங்கினார். ஆனால் லைன் வீட்டுப் பெண்கள் விரைவிலேயே, ‘அண்ணாச்சி, பத்து ரூபாய்க்குத் துவரம்பருப்பு, அஞ்சு ரூபாய்க்குக் கடுகு’ என்று கேட்கப் பழகிவிட்டார்கள். ரூபாய் முழுசு, எடைதான் துண்டு. பாக்கி கொடுக்கும் பேச்சே இல்லை. சிறுசாக வாங்குபவரும் கிலோ 66 என்ற அதே விலையில் வாங்குகிறார். 2011இல் நாலணா போனதால் ஏழை வாடிக்கையாளருக்கு வந்திருக்க வேண்டிய ஆறு சதவீத அடியைச் சட்டமோ சங்கமோ தடுக்கவில்லை, ஒரு தராசு தடுத்தது.

பெட்ரோல் பங்கிலும் இதே கதைதான். லிட்டர் விலை இன்றும் இரண்டு தசமத்தில் பைசாவோடுதான் எழுதியிருக்கிறது. அதனால் யாருக்காவது கஷ்டமா? நூறு ரூபாய்க்குப் போடுங்க என்று சொல்லிவிட்டு நிற்கிறோம். பச்சைத் தேயிலைக்கும் கிலோ விலை பைசாவில் பேசப்படுகிறது. ஆயிரக்கணக்கான கிலோவால் பெருக்கும்போது அந்தப் பைசா கணிசமான பணம், அது வங்கிக் கணக்கில் இறங்கிவிடுகிறது. காசு செத்தாலும் கணக்கில் பைசா சாகவில்லை. பெருக்கவோ துண்டு போடவோ முடிகிற இடத்தில் அதற்கு உலோகம் தேவைப்படுவதில்லை.

அரசு விற்ற கால் ரூபாய்

விலை, எடை இரண்டும் கட்டிப்போடப்பட்ட சாமானுக்கு நல்ல உதாரணம் அரசிடமே இருந்தது. நாலணா செல்லாமல் போன பிறகும் 2011 நவம்பரில் விலை உயர்த்தப்படும்வரை ஆவின் சமன்படுத்திய பால் லிட்டர் 17.75 ரூபாய். அப்புறம்தான் 24 ஆனது. அந்த முக்கால் ரூபாயின் கடைசிக் கால் ரூபாயை எந்தக் காசில் கொடுப்பது?

ரேஷன் சர்க்கரை இன்னும் சுவாரசியம். கிலோ 13.50. ஒரு ஆளுக்கு மாதம் அரை கிலோ, அட்டைக்கு அதிகபட்சம் 2 கிலோ. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 27 ரூபாய், சிக்கலில்லை. மூன்று பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றரை கிலோ, 20.25. தனியாக இருக்கும் பாட்டிக்கு அரை கிலோ, 6.75. செல்லாத காசில் முடியும் விலையை அரசே 2017 நவம்பர் வரை வைத்திருந்தது. அதன் பிறகு 25 ரூபாய் ஆனபோதும் அந்தியோதயா அட்டைக்காரர்களுக்கு மட்டும் 13.50 தொடர்ந்தது, பரம ஏழைக்குக் காட்டிய சலுகை அது, குறை சொல்ல முடியாது. ஆனால் 6.75க்கு ஏழு ரூபாயை நீட்டுபவர் கால் ரூபாயைக் கேட்டு வாங்க முடியாது. எடை மாற்ற விற்பனையாளருக்கு உரிமை இல்லை, விலை மாற்றவும் இல்லை. அண்ணாச்சி கடைக்கும் ரேஷன் கடைக்கும் உள்ள வித்தியாசம் நேர்மை சம்பந்தப்பட்டதே அல்ல. ஒருவரிடம் தராசும் விலைப் பலகையும் இருக்கின்றன. மற்றவரிடம் இரண்டும் பூட்டியிருக்கின்றன.

எட்டணாவின் நிலைமை

2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி அரை ரூபாய்க் காசு இன்றும் செல்லும், பத்து ரூபாய் வரையிலான தொகைக்கு. அதாவது ஒரு தடவைக்கு 20 காசு வரை யாரும் மறுக்க முடியாது. அதே வருடம் சின்னதாக, புது வடிவத்தில்கூட ஒரு எட்டணா வந்தது. கோத்தகிரியில் அதை நீட்டிப் பாருங்கள். பஸ்ஸில் திரும்பி வரும், டீக்கடையில் திரும்பி வரும். வாங்க மறுப்பவரும் அதைப் பெற்றுக்கொண்டால் தன்னிடமிருந்து அடுத்தவர் வாங்க மாட்டார் என்ற பயத்தில்தான் மறுக்கிறார். அந்தப் பயம் நியாயமானதும்கூட.

நாலணாவுக்கு ஒரு சாவுத் தேதி இருந்தது. அதற்கு முன்னால் மாற்றிக்கொள்ளலாம், அதற்குப் பின்னால் பலகையைத் திருத்தலாம். எட்டணாவுக்குத் தேதி இல்லை. அதனால் இடைப்பட்ட காலத்தில் மிட்டாய் புகுந்தது. இதை நான் அண்ணாச்சியிடம் பல முறை வாதாடியிருக்கிறேன். பாக்கிக்கு மிட்டாய் கொடுப்பதில் அரை ரூபாய்க்குக் கொடுக்கிற மிட்டாயின் அடக்கம் அரை ரூபாய்க்குக் குறைவு. ஆக, சில்லறை இல்லாத ஒவ்வொரு தடவையும் கடை ஒரு மிட்டாய் விற்கிறது. ஒரு நாளைக்கு 200 பில், பில்லுக்குக் கால் ரூபாய் கடைப்பக்கம் சாய்ந்தால் 50 ரூபாய். வருடத்துக்கு 18,000 ரூபாயைத் தாண்டும். ‘நான் என்ன ஆசையாவா கொடுக்கேன், காசு எங்க இருக்கு?’ என்பார். அவர் சொல்வதும் உண்மை. ஆனால் வாங்குபவர் அந்த மிட்டாயையே மறுநாள் கொண்டுவந்து ரூபாய்க்கு நீட்டினால் வாங்குவாரா? ஒரு தடவை ஒரு வாத்தியார் அப்படிச் செய்துகாட்டியதாகவும், அதோடு மிட்டாய் பாட்டில் கல்லா பக்கத்திலிருந்து அலமாரிக்குப் போய்விட்டதாகவும் கடைப் பையன் சொன்னான்.

இப்போது அரை ரூபாய் வந்தால் பெரும்பாலும் கடை விட்டுக்கொடுக்கிறது. 2016க்குப் பிறகு ஸ்கேன் அட்டை வந்ததும் பாரம் கொஞ்சம் குறைந்தது. யுபிஐயில் பைசா வரைக்கும் சரியாகக் கொடுக்கலாம் என்றாலும் ஜனங்கள் அங்கேயும் முழு ரூபாய்தான் தட்டுகிறார்கள். 132.40 என்று பில் வந்தால் 132 தட்டுகிறவரும் உண்டு, 133 தட்டுகிறவரும் உண்டு. மழைக்காலத்தில் சிக்னல் போய்விட்டால் மறுபடி ரொக்கம், மறுபடி சில்லறை.

நாலரைக்கும் கீழே ஒரு பிஸ்கட்

அடி விழுந்தது 2025இல். செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி குறைந்தபோது பிஸ்கட், ஷாம்பு போன்றவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. நல்ல செய்திதான். ஐந்து ரூபாய் பாக்கெட்டில் பழைய வரியைக் கழித்துப் புது வரியைச் சேர்த்தால் 4.45 வருகிறது. ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் 89 பைசா. வரிக் குறைப்பை வாடிக்கையாளருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதால், சில கம்பெனிகள் முதலில் இப்படிப்பட்ட விலைகளையே அச்சடித்தன.

எடை அச்சடித்தது, விலையும் அச்சடித்தது. அண்ணாச்சியின் தராசு இங்கே உதவாது. அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு பைசா வாங்கினாலும் எடையளவுச் சட்டப்படி குற்றம். நாலு ரூபாய்க்கு விற்றால் 45 பைசா நஷ்டம். ஐந்து ரூபாய் பாக்கெட்டில் கடைக்காரருக்கு நிற்கும் லாபமே அரை ரூபாய்க்கு முன்னே பின்னேதான். எட்டணா புழங்கினாலும் இந்த விலைக்கு அது போதாது. நாலரை வாங்கினால் ஐந்து பைசா கூடுதல், அதுவும் தப்பு. சில்லறைத் தொல்லை இல்லாமல் விற்க வேண்டுமென்றால் 20 பாக்கெட் சேர்த்து 89 ரூபாய்க்குத்தான் விற்க முடியும். ஐந்து ரூபாய்க் காசை நீட்டி நிற்கும் மூன்றாம் வகுப்புப் பையனிடம் இந்தக் கணக்கை எப்படிச் சொல்வது?

அண்ணாச்சி சில நாள் நாலு ரூபாய்க்கு விற்றார். அப்புறம் அந்த பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, பத்து ரூபாய் பாக்கெட்டை முன்னால் வைத்தார். அதற்குப் புது விலை 8.90, ஒன்பது வாங்கினால் இங்கேயும் பத்துப் பைசா சட்டமீறல். எட்டரை வாங்க எட்டணா இல்லை. எட்டு வாங்கினால் மறுபடி நஷ்டம். பெரிய குடும்ப பாக்கெட்டுகளில் பிரச்சினையே இல்லை, மற்ற சாமான்களோடு சேர்ந்து மொத்த பில்லில் கரைந்துவிடும். ஆகக் கடைசியில் வரிக் குறைப்பின் பலன் பெரிதாக வாங்குபவருக்கு முழுதாகக் கிடைத்தது. ஐந்து ரூபாய்க்கு வாங்குபவருக்கோ அந்த பாக்கெட்டே கொஞ்ச நாள் கண்ணில் படவில்லை.

பிறகு பல கம்பெனிகள் பழைய ஐந்து, பத்து ரூபாய்க்கே திரும்பி, பாக்கெட்டின் எடையைக் கூட்டின. லைன் வீட்டுப் பெண்கள் 2011இலேயே கண்டுபிடித்த வழிதான் இது: ரூபாயை முழுசாக வைத்துக்கொள், எடையைத் துண்டாக்கு.

செல்லும் காசைச் செல்லாததாக்குவது

எட்டணாவோடு நின்றால் பரவாயில்லை. சில வருடமாகப் பத்து ரூபாய்க் காசுக்கும் தமிழ்நாட்டில் இதே கதி. ஒரு வடிவம் போலி என்று கிளம்பிய புரளிதான் காரணம். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி 14 வடிவங்களும் செல்லும் என்று அறிவித்து, சந்தேகம் கேட்க 14440 என்ற இலவச எண்ணையும் கொடுத்தது. புரளி ஓடிய வேகத்தில் அறிவிப்பு ஓடவில்லை. 2022இல் தருமபுரி மாவட்டத்துக்காரர் ஒருவர் ஆறு லட்சம் ரூபாயைப் பத்து ரூபாய்க் காசாகவே கொடுத்துக் கார் வாங்கியது இந்த மறுப்பைக் கண்டித்துத்தான்.

நீலகிரியில் இதற்கு ஒரு தனித் திருப்பம் உண்டு. காடுகளிலும் வழியோரங்களிலும் உடைந்த பாட்டில் கிடந்து விலங்குகள் காயப்படுவதைத் தடுக்க, உயர் நீதிமன்ற உத்தரவையொட்டி 2022 மே 15 முதல் இந்த மாவட்டத்து டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு பத்து ரூபாய் கூட வாங்குகிறார்கள். காலி பாட்டிலைக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரு பத்து ரூபாய் போய் வரும் ஏற்பாடு என்றால் சில்லறைத் தேவை எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். ‘ராத்திரி பாட்டிலுக்கு வந்த காசு காலைல என் கல்லாவுக்கு வருது. வாங்கிக்கிடுதேன். நான் கொடுத்தா யாரு வாங்குறா?’ என்கிறார் அண்ணாச்சி. பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீருக்குத் தடை உள்ள ஊர் என்பதால் வைத்திருக்கும் குடிநீர் இயந்திரங்களில் ஐந்து ரூபாய்க் காசு போட வேண்டும். அந்தக் காசை மட்டும் வெளியூர்க்காரர்கள் கடை கடையாகக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். வேலை இருக்கிற காசை யாரும் சந்தேகப்படுவதில்லை.

பத்து ரூபாய்க் காசை வங்கியில் கட்டுவதும் சுலபமில்லை. எந்தக் கிளையும் வாங்க மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்கிறது. கவுண்டரில் ஆள் இல்லை, எண்ண நேரமில்லை என்று பதில் வருகிறது. மொத்த வியாபாரியிடம் கொடுக்கலாம் என்றால், சட்டப்படி காசாகச் செல்லுபடியாவது ஆயிரம் ரூபாய் வரைக்கும்தான். அதற்கு மேல் அவர் வேண்டாம் என்றால் கேட்க முடியாது. 2011 ஜூனில் நாலணா மூட்டையோடு அலைந்த அலைச்சல், செல்லாத காசுக்கு ஒரு மாதத்தோடு முடிந்தது. செல்லும் காசுக்கு வருடக் கணக்கில் நடக்கிறது.

கடையில் இப்போது

எட்டணாவையும் தேதி குறித்து எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. ஆனால் நாலணாவுக்குச் செய்ததை மட்டும் திரும்பச் செய்தால் போதாது. ரொக்க பில்லை மொத்தத்தில்தான் சரிசெய்ய வேண்டும் என்ற விதி வேண்டும். ஐந்து, பத்து ரூபாய்க்குள் விற்கும் பாக்கெட்டுகளில் முழு ரூபாயைத் தவிர வேறு விலை அச்சடிக்கக் கூடாது, வரி மாறினால் எடைதான் மாற வேண்டும் என்பதும் அதோடு சேர வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் 170ஆம் பிரிவு வரித் தொகையை ஏற்கெனவே முழு ரூபாய்க்குத்தான் சரிசெய்யச் சொல்கிறது: 50 பைசாவும் அதற்கு மேலும் என்றால் ஒரு ரூபாய், குறைந்தால் விட்டுவிடலாம். தன் வரவில் பைசா வேண்டாம் என்று அரசே முடிவெடுத்துவிட்டது.

இதையெல்லாம் எதிர்பார்த்துக் காத்திருக்க முடியாது என்பதால் கடையில் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். பில்லிங் மென்பொருளில் ஒவ்வொரு சாமானின் விலையும் பைசாவோடு வரும். மொத்தம் மட்டும் முழு ரூபாய்க்கு வரும், கூட்டியது குறைத்தது எவ்வளவு என்பது பில்லிலேயே அச்சாகும். மூட்டைச் சரக்கு எல்லாம் ரூபாய்க்கு நிறுத்தே தரப்படும், யாராவது குறிப்பிட்டு நூறு கிராம் கேட்டால் ஒழிய. தனியாக ஒரே ஒரு பாக்கெட் வாங்க வருபவருக்கு விலை பைசாவில் இருந்தால் கீழே இறக்கித்தான் வாங்குகிறோம். அந்த நஷ்டத்தைக் கம்பெனி வாரியாகத் தனி வரியில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன், அடுத்த தடவை விற்பனைப் பிரதிநிதி ஆர்டர் எடுக்க வரும்போது அண்ணாச்சி எடுத்துக் காட்டுவதற்கு.